உலக முடிவுக்குப் போன சோற்றுச் சட்டி

காக்கிச் சட்டை போட்ட அலுவலர் முதலாவது சோற்றுப் பார்சலைக் கையில் எடுத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். நல்ல வாசம் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு பார்சலைத் திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டு, "பொலிதீன் பே, அம்மே" என்றார்.

பொலிதீன் உள்ளே கொண்டுபோக ஏலாதாம்.

விடிந்து கொஞ்ச நேரம்தான். ஹோட்டன் சமவெளியில், உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறைக்கு நடக்கத் தொடங்குகிற வாசல். வாயைத் திறந்தால் புகை வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பதினாலு பொம்பிளைகள், கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். ஒவ்வொருவர் பையிலும் ஒரு பார்சல். கொழும்பில் பார்சல் எப்படிக் கட்டுவோம்? முதலில் மெல்லிய லன்ச் சீற், அதற்கு மேல் பேப்பர், அதற்கு மேல் ரப்பர் வளையம். அந்த லன்ச் சீற்தான் பொலிதீன்.

"இதை மான் திண்டு செத்துப்போகும்," என்று அலுவலர் கையைக் காட்டினார். உண்மையிலேயே ஒரு பெரிய மரை மான், வாகனம் நிறுத்துகிற இடத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் என்னத்தை வாதாட?

வான் ஓட்டுகிற நிமல் மல்லி, சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி, ஓடிப்போய் வானுக்குள் இருந்த எங்கள் பெரிய அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்தான். பதினாலு பார்சலையும் அவிழ்த்து அதற்குள் கொட்டினோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய், மீன் பொரியல், சம்பல், எல்லாம் ஒன்றாக. அவிழ்க்க அவிழ்க்க நேரம் போனது. பின்னால் நின்ற வெள்ளைக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

என் பக்கத்தில் சில்வியா நின்றாள். கொட்டாஞ்சேனையில் நான் முந்தி இருந்த ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், எனக்கு நேர் எதிர் வீடு. என்னைவிடப் பத்து வயது இளமை. வாய் மட்டும் என்னைவிட மூப்பு.

"பிலோ அக்கா," என்றாள். "நீங்கள் இஞ்ச எத்தினை தரம் வந்தனீங்கள்?"

"ஏன் கேக்கிறாய்?"

"இல்லை, வந்த ஆக்களுக்கு இந்தப் பொலிதீன் கதை தெரிஞ்சிருக்கும். அதுதான்."

"அந்தக் காலத்தில இப்பிடிச் செக் பண்ணுறேல்லை," என்றேன்.

"ஆ," என்றாள்.

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. ஏன் வியர்த்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கிழமை கொப்பியைத் திறந்திருக்கிறேன். ஆனால் அதை உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன் சீற் ஆருக்கு?

பயணம் போகிறவர்களுக்குப் பிரயோசனமாக நாலு விசயம் எழுதுங்கோ அம்மா என்று ஒரு வாரப் பத்திரிகையில் என்னைக் கேட்டார்கள். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். இரண்டு வரி எழுதினால் எழும்பி பல்கனிக்குப் போய் வருவேன். கொட்டாஞ்சேனையை விட்டு வந்து இப்போது வெள்ளவத்தையில் மகளின் பிளாற்றில் இருக்கிறேன், ஐந்தாம் மாடி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காலி வீதி. கடலைப் பார்த்தால் கால் பொறுக்காது. பஸ்ஸைப் பார்த்தாலும் பொறுக்காது. என்னை வைத்து ஆள்வது கஷ்டம் என்று மகள் எல்லோருக்கும் சொல்லுவாள்.

சரி, நாலு விசயம்.

வானில் முன் சீற், சத்தி எடுக்கிற, வாந்தி வருகிற ஆளுக்கு. வயதுக்கு இல்லை, மரியாதைக்கு இல்லை, வாடகை பேசினவருக்கும் இல்லை. கடுகண்ணாவை மலைப் பாதை வளைவில் ஏறத் தொடங்கியபிறகு ஆளை மாற்றிப் பிரயோசனமில்லை. கொழும்பிலேயே கேட்டு வைக்க வேண்டும். ஒருவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். எனக்கு ஒண்டும் செய்யாது என்பார்கள். அப்படிச் சொல்லுகிறவரின் கையில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர்தான் ஆள்.

கண்டியில் புத்தரின் பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் போவதென்றால் முழங்காலும் தோளும் மூடின உடுப்பு. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும். வெயில் ஏறினபிறகு அந்தக் கல் நிலத்தில் வெறுங்காலோடு நடந்து பார்த்தால் நான் ஏன் விடியப் போகச் சொல்லுகிறேன் என்று தெரியும்.

எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் ரெயில் வருமட்டும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ரெயில் கொழும்பிலும் ஓடுகிறது. பாலத்தைப் பாருங்கள். கீழே இறங்கிப் போய், வளைவுக்கு அடியில் நின்று, அண்ணாந்து பாருங்கள். ஒரு இரும்புத் துண்டு இல்லாமல் கல்லிலேயே கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லுகிறார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பிள்ளைகளைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். அவர்கள் வேலைக்கு வந்தவர்கள். நீங்கள் வேலை செய்கிற இடத்துக்கு ஒருவர் வந்து கமராவைத் தூக்கினால் என்ன சொல்லுவீர்கள்?

கொழும்புக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்க ரெயில் பாதையைக் கடக்க வேண்டும். அலைச் சத்தத்தில் ரெயில் வருவது கேட்காது. காதை நம்பாதீர்கள். கழுத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் பாருங்கள்.

கழிவறையைப் பற்றி ஒரு முழுக் கிழமைக்கு எழுதலாம். இப்போதைக்கு இவ்வளவு: பெற்றோல் செட்டைக் கண்டால், வந்தாலும் வராவிட்டாலும் இறங்குங்கள்.

இது எல்லாம் நானே போய், நானே பட்டு, நானே படித்தது. இருபது வருசத்துக்கு மேலாக ஒழுங்கைப் பொம்பிளைகளை வானில் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போகிறேன். பிலோ அக்காவின் ட்ரிப் என்றால் கொட்டாஞ்சேனையில் ஒரு பெயர் இருக்கிறது. கொம்பனித்தெருவிலிருந்து நூர்ஜஹான் தாத்தாகூட வருவா. முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். வயதில் அவவும் நானும் ஒன்றுதான். எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதால் நானும் அப்படியே.

ஒன்றே ஒன்றைத்தான் நான் போகாமலே படித்தேன். அது உலக முடிவு.

நான் சமைத்த வீடு

இப்போது இருக்கிற பிளாற்றிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி, கடல் பக்கமாக ஒரு பெரிய வீடு இருந்தது. வயதுக்கு வந்து கொஞ்சக் காலத்திலேயே அங்கே சமையலுக்குப் போனேன். கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, அதற்குப் பிறகும் போனேன். காலமை கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால் பின்னேரம்தான் திரும்ப வருவேன். அந்த வீட்டு அம்மா கெட்டவ இல்லை. என் கறிக்கு உப்புக் குறை சொன்னதே இல்லை.

சித்திரை மாதம் கொழும்பில் வெக்கை தாங்காமல் அவர்கள் மலைநாட்டுக்கு, நீரெலியாவுக்குப் போவார்கள். ஒரு பங்களா எடுத்து இரண்டு கிழமை நிற்பார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒழுங்கையில் எனக்கு அப்போது பெரிய மரியாதை. நீரெலியா சீசனுக்குப் போகிறவள் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான்.

ஒவ்வொரு வருசமும் ஒரு நாள் அவர்கள் விடியக் கிளம்பி உலக முடிவுக்குப் போவார்கள். நான் பங்களாவில் நிற்பேன். திரும்பி வரும்போது பசியோடு வருவார்களே. சூடாகச் சோறு வேண்டுமே. ஒருவரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று ஒரு பதில் வந்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மத்தியானம் மேசையில் இருந்து அவர்கள் கதைப்பார்கள். நான் சோற்றுக் கோப்பையோடு சுற்றி வருவேன். பாறை திடீரென்று முடிந்துபோகிறதாம். முகில் காலுக்குக் கீழே போகிறதாம். கல்லைப் போட்டால் விழுகிற சத்தம் கேட்காதாம். தூரத்தில் கடல் வெள்ளிக் கம்பி மாதிரித் தெரிகிறதாம். ஒன்பது மணிக்குப் பிறகு போனால் பனிப்புகார் வந்து மூடிவிடுமாம், ஒன்றும் தெரியாதாம்.

முதல் வருசம் திரும்பி வந்தபோது ஒழுங்கைத் தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டாள்.

"என்ன பிலோமினா, உலக முடிவெல்லாம் பாத்தியோ?"

"ஓம், பாத்தனான்," என்றேன்.

வாய் தானாகச் சொன்னது. சொன்னபிறகு அங்கே நின்ற எல்லோரும் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு என்ன? முகில், கல், வெள்ளிக் கம்பி, எல்லாம் சொன்னேன். அவர்கள் மேசையில் சொன்னதைவிட வடிவாகச் சொன்னேன். சில்வியா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. வாயைத் திறந்துகொண்டு கேட்டது எனக்கு இன்றைக்கும் ஞாபகம்.

பிறகு வருசா வருசம் சொன்னேன். சாவீட்டிலும் சொல்லியிருக்கிறேன், கலியாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். நூர் தாத்தாவுக்கு மட்டும் ஏழெட்டுத் தரம்.

சமையல் வேலையை விட்டபிறகுதான் ட்ரிப் தொடங்கினேன். சமைக்க வந்தவளாக இல்லாமல், வானுக்குள் இருந்து ஜன்னலால் பார்க்கிறவளாக ஒரு தரம் மலைநாட்டுக்குப் போகவேண்டும் என்று இருந்தது. ஒரு தரம் போனது போதாமல் போய்க்கொண்டே இருந்தேன். ஆனால் உலக முடிவுக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை. கேட்டால், நடை கூட, குளிர் கூட, உங்களால் ஏலாது என்பேன். உண்மையில் எனக்குத்தான் பயம். அங்கே போய் நான் முழிக்கிற முழியில் எல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம்.

இந்த முறை சில்வியா விடவில்லை.

"எனக்கும் அறுபது தாண்டிட்டுது அக்கா. இனி எப்ப நடக்கிறது? வழி தெரிஞ்ச ஆள் நீங்கள் இருக்கேக்கை போவம்."

வழி தெரிந்த ஆள்! எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். நான் தேதி குறித்தேன்.

இடக்கையா, வலக்கையா?

சட்டியோடு உள்ளே போனோம். மூடியைக் கட்ட ஒருவரின் சால்வை. இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். காட்டுக்குள் சோற்றுச் சட்டி தூக்கிக்கொண்டு போன முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

புல்லில் வெள்ளையாக உறைபனி. மிதித்தால் நொறுங்குகிற சத்தம். சிவப்புப் பூப் பூத்த கோணல் மரங்கள். கொழும்பில் இல்லாத ஒரு அமைதி. அதற்குள் எங்கள் சத்தம் மட்டும் பெரிசாகக் கேட்டது. ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை வானில் விட்டுவிட்டாள், ஒருத்திக்குச் சப்பாத்து கடித்தது, நூர் தாத்தா இரண்டு தேசிக்காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தா.

கொஞ்சத் தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பலகை நின்றது. மூன்று மொழியிலும் எழுத்து. நான் எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"எந்தப் பக்கம் அக்கா?" என்றாள் சில்வியா.

பலகையை வாசி என்று அவளிடமே சொல்லியிருக்கலாம். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, கண்ணாடி பைக்குள், பை தோளில், கையில் சட்டி. ஒரு நிமிச வேலை. ஆனால் வழி தெரிந்த ஆள் பலகை பார்ப்பாளா?

முன்னால் போன வெள்ளைக்காரர் இரண்டு பேரின் முதுகு வலக்கைப் பக்கம் தெரிந்தது.

"இந்தப் பக்கம்," என்றேன். குரலில் ஒரு சந்தேகமும் இல்லாமல் சொன்னேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

இரண்டு பாதையும் கடைசியில் உலக முடிவுக்குத்தான் போகும். சுற்றி வருகிற பாதை அது. ஆனால் ஒன்று கிட்ட, மற்றது தூரம். நான் காட்டினது தூரப் பாதை. அது முதலில் பள்ளத்தில் இறங்கி ஒரு நீர்வீழ்ச்சிக்குப் போகிறது. பிறகு அங்கிருந்து ஏற்றம். வேர், சேறு, உருண்டைக் கல். நீர்வீழ்ச்சியைக் கண்டதும் எல்லோரும் நின்று படம் பிடித்தார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. வானத்தைப் பார்ப்பதும், நடவுங்கோ நடவுங்கோ என்பதுமாக முன்னும் பின்னும் ஓடினேன்.

"ஏன் அக்கா பறக்கிறியள்? உலகம் அதுக்குள்ள முடிஞ்சு போயிடுமோ?" என்றாள் சில்வியா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஏற்றத்தில் எங்களுக்கு எதிரே ஒரு சோடி இறங்கி வந்தது. சிங்களப் பிள்ளைகள். பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்தப் பெட்டை கையை நெஞ்சில் வைத்து, அவ்வளவு வடிவு என்றாள். பிறகு எங்கள் சட்டியையும் என் வயதையும் பார்த்துவிட்டு, இந்தப் பக்கமாக ஏன் அம்மா வந்தீங்க, மற்றப் பக்கம் கிட்ட அல்லவா, கெதியாப் போங்க, பனிப்புகார் ஏறுது என்று சிங்களத்தில் சொன்னாள்.

எங்களில் எல்லோருக்கும் சிங்களம் விளங்கும்.

சில்வியா சட்டியின் பிடியைக் கைமாற்றினாள். அவளுடைய உள்ளங்கை சிவந்திருந்தது.

வெள்ளைச் சுவர்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உலக முடிவு இல்லை.

பாறை இருந்தது. விளிம்பு இருந்தது. அதற்கு அங்காலே வெள்ளை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் முகத்தை வைத்தமாதிரி. காற்று மட்டும் கீழேயிருந்து மேலே வந்தது, ஈரமாக.

பதினாலு பேரும் வரிசையாக நின்று அந்த வெள்ளையைப் பார்த்தோம். ஒருத்தி அதையும் ஒரு படம் பிடித்தாள்.

"ஒண்டும் இல்லையே," என்றாள் இன்னொருத்தி. அழுகிற குரல். அவள் தையல் வேலைக்கு இரண்டு நாள் லீவு போட்டு வந்தவள்.

நூர் தாத்தா ஒரு கல்லில் இருந்து மூச்சு வாங்கினா. எல்லோரின் முகத்தையும் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தா.

"பிலோ, அந்தக் கதையச் சொல்லேன். நாங்க கண்ண மூடிக்கிட்டுக் கேக்கிறம். இதுக்கு அங்கால என்ன ஈக்குது எண்டு நீ சொன்னாப் போதும்."

அவ பகிடிக்குச் சொல்லவில்லை. மனமாரத்தான் கேட்டா. இரண்டு மூன்று பேர் உண்மையிலேயே கண்ணை மூடினார்கள்.

எனக்கு எல்லாச் சொல்லும் நாக்கு நுனியில் இருந்தது. முகில் காலுக்குக் கீழே. சத்தம் கேட்காத கல். ஐம்பது வருசம் சொன்ன கதை, தூக்கத்திலும் வரும். சொன்னால் அவர்களுக்கு ஒரு ஆறுதல். என் பெயரும் நிற்கும். வாயைத் திறந்தேன்.

கண்ணை மூடாமல் நின்றது சில்வியா ஒருத்திதான். சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஏளனம் இல்லை. குழாயடியில் வாயைத் திறந்துகொண்டு நின்றாளே, அந்தப் பார்வை.

"எனக்குத் தெரியாது தாத்தா," என்றேன். "நான் இதுக்கு முன்னம் இஞ்ச வரேல்லை."

மூடின கண் எல்லாம் திறந்தது.

"என்ன சொல்லுறியள்?" என்றாள் சில்வியா.

"ஒரு நாளும் வரேல்லை. அவையள் வந்தவை. நான் பங்களாவில நிண்டு சமைச்சனான்."

"அப்ப அந்த வெள்ளிக் கம்பி?"

"சாப்பாட்டு மேசையில கேட்டது."

"பாதை?"

"அதுவும் தெரியாது. முன்னால போன ஆக்களின்ர முதுகைப் பாத்துக் காட்டினனான்."

சில்வியா சட்டியைக் கீழே வைத்தாள். கல்லில் அலுமினியம் பட்ட சத்தம் கேட்டது.

"தெரியாதெண்டு அங்கேயே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்கள் பலகையைப் பாத்திருப்பம் அக்கா," என்றாள். "எல்லாருமாப் பாத்திருப்பம்."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்துவதில் நான் அவளுக்குக் குறைந்தவள் இல்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்.

தகரக் கூரை

அந்த விளிம்பில் குளிர்காற்றுத் தாங்கவில்லை. சாப்பிடுவோம் என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். கொஞ்சத் தூரம் பின்னால், மரங்கள் காற்றை மறைக்கிற ஒரு வெளி இருந்தது. நூர் தாத்தா மட்டும் என் கையைப் பிடித்து, "வா, சாப்பிடு" என்றா. நீங்கள் போங்கோ, வருகிறேன் என்றேன்.

நான் ஏன் நின்றேன் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அவர்கள் முகத்தைப் பார்க்க ஏலாமல் நின்றேன் என்று சொன்னால் அதுவும் உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. அவ்வளவு வருசம் பொய் சொன்ன இடத்தை ஒரு தரம் பார்க்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

நிற்கத் தெரியாத ஆள் நான். அந்தப் பாறையில் இங்காலேயும் அங்காலேயும் நடந்தேன். செபமாலையைக் கையில் எடுத்தேன். அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கி, நடுவில் விட்டு, திரும்பத் தொடங்கினேன். எத்தனை என்று தெரியாமல் போனது. காது மரத்தது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. வேறு ஆட்கள் வந்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், போனார்கள். இனிப் போவோம் என்று மூன்று தரம் திரும்பினேன். மூன்று தரமும் நாலு அடி நடந்து திரும்ப வந்தேன்.

முதலில் காலுக்குக் கீழே ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. புதர் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது, அது ஒரு பெரிய மரத்தின் உச்சி. மரத்தின் உச்சியை நான் மேலேயிருந்து பார்க்கிறேன். விளிம்பில் இருந்த கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு வெள்ளையில் ஒரு ஓட்டை. ஜன்னல் அளவுக்குத்தான். அதற்குள்ளே, எவ்வளவோ கீழே, பச்சை. பச்சைக்கு நடுவில் ஒரு பாதை, தையல் நூல் மாதிரி. பாதையின் ஓரத்தில் தகரக் கூரைகள், ஏழு எட்டு. வெயில் பட்டு மின்னின. ஒரு கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. யாரோ சமைக்கிறார்கள். இந்த நேரத்துக்குப் புகை என்றால் மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்திருப்பார்கள்.

கடல் இல்லை. வெள்ளிக் கம்பி இல்லை. நான் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது நேராக மேலே வந்து, ஒரு மட்டத்தில் பனிப்புகாரோடு சேர்ந்து, எது புகை எது புகார் என்று தெரியாமல் போனது. ஐந்து நிமிசம்கூட இராது. ஓட்டை மூடிவிட்டது.

நான் வெளிக்குத் திரும்பி வந்தேன். சட்டியைச் சுற்றி எல்லோரும் குந்தியிருந்தார்கள். தட்டம் இல்லை, கோப்பை இல்லை. சில்வியா சோற்றையும் கறியையும் கையால் குழைத்து, உருண்டை பிடித்து, ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பிள்ளைகளுக்குக் குழைத்துக் கொடுப்போமே, அப்படி.

"பாத்தன்," என்றேன்.

ஒருவரும் நிமிரவில்லை.

"கடலோ?" என்றாள் சில்வியா. உருண்டையைப் பிடித்தபடியே கேட்டாள்.

"கடல் இல்லை. தகரக் கூரை. ஏழெட்டு இருக்கும். ஒண்டில புகை வந்தது."

"முகில் காலுக்குக் கீழ போச்சோ?"

"இல்லை. ஒரு மரத்தின்ர உச்சி தெரிஞ்சது. பிறகு மூடிப்போச்சு. வேற ஒண்டையும் வடிவாக் காணேல்லை."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

சில்வியா இப்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நல்லாய்ப் பார்த்தாள். கையிலிருந்த உருண்டையை நூர் தாத்தாவிடம் கொடுத்தாள். போத்தல் தண்ணீரில் கையைக் கழுவி, பாவாடையில் துடைத்துவிட்டு, குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"எங்க புள்ள போறாய், சாப்பிடாம?" என்றா நூர் தாத்தா.

அவள் எழும்பி என் பக்கம் திரும்பினாள்.

"எந்த இடம் எண்டு காட்டுங்கோ," என்று என்னிடம் சொன்னாள்.

"மூடிப்போச்சு சில்வியா. இனித் திறக்காது எண்டு நினைக்கிறன்."

"அது எனக்கும் தெரியும். நீங்கள் நிண்ட இடத்தைக் காட்டுங்கோ. நான் கொஞ்ச நேரம் நிண்டு பாக்கிறன்."

எனக்குப் பசி. காலமையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்தான். ஆனாலும் நான் சட்டிப் பக்கம் போகவில்லை. அவளுக்கு முன்னால் நடந்தேன். இந்த முறை எனக்கு வழி தெரிந்திருந்தது.